பிற நிலைமைகள் மாறாதிருந்தால்

சோலாப்பூர் மண்டிக்கு 2023 பிப்ரவரியில் ஒரு விவசாயி எழுபது கிலோமீட்டர் தூரத்திலிருந்து 512 கிலோ வெங்காயம் கொண்டுவந்தார். கிலோ ஒரு ரூபாய்க்குப் போனது. ஆக 512 ரூபாய். வண்டி வாடகை, சுமைக்கூலி, எடைக்கூலி எல்லாம் கழித்துப் பார்த்தால் அவருக்குச் சேர வேண்டியது 2 ரூபாய் 49 காசு. வியாபாரி நாணயமானவர். 2 ரூபாய்க்குச் செக் எழுதிக் கொடுத்தார். 49 காசு கணக்கில் வரவில்லை. செக்கில் தேதி மட்டும் பதினைந்து நாள் தள்ளிப் போட்டிருந்தது. இரண்டு ரூபாயைப் புரட்ட அவருக்கும் அவகாசம் வேண்டாமா?

செய்தி வந்ததும் கொஞ்ச நாள் எல்லோரும் உச்சுக்கொட்டினோம். அப்புறம் விஷயம் தெரிந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். வரத்து கூடிவிட்டது, தேவை கூடவில்லை, விலை இறங்கிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை என்றார்கள். சூரியன் கிழக்கே உதிக்கும் என்கிற தோரணை.

சரி, விதி என்றால் விதி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் வெங்காய விலை ஏற ஆரம்பித்தது. அதே விதிதான் வேலை செய்தது. சந்தைக்கு வருவது குறையும்போல் இருந்தது, விலை ஏறியது. அப்போது 'யாரையும் குறை சொல்வதற்கில்லை' என்று ஒருவராவது வாயைத் திறந்தாரா? ஆகஸ்ட் 19ஆம் தேதி வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி. அக்டோபர் கடைசியில், டன் 800 டாலருக்குக் கீழே வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்று ஓர் உத்தரவு. அதுவும் போதாமல் டிசம்பரில் ஏற்றுமதிக்கே தடை. பிப்ரவரியில் இயற்கையின் விதியாக இருந்தது, டிசம்பருக்குள் நாட்டுக்கு எதிரான சதியாகிவிட்டது. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: விதி விவசாயி பக்கம் திரும்பிப் பார்த்தது.

தடையை எடுத்தது 2024 மே 4. நாசிக் பக்கத்து வெங்காயத் தொகுதிகள் மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட அப்போது இன்னும் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது. விலையைத் தீர்மானிக்கும் காரணிகளில் வாக்குப்பதிவு தேதியையும் சேர்க்க வேண்டும் என்று பாடநூல் குழுவுக்கு யாராவது எழுதிப்போடலாம்.

பாடநூலில் இருப்பது வேறு. பிற நிலைமைகள் மாறாதிருந்தால், விலை குறையும்போது தேவை கூடும். விலை கூடும்போது அளிப்பு கூடும். கீழ்நோக்கி ஒரு கோடு, மேல்நோக்கி ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் புள்ளி வைத்து 'சமநிலை விலை' என்று எழுதினால் மதிப்பெண் முழுதாக விழும். வாங்குகிறவரும் விற்கிறவரும் அந்தப் புள்ளியில் கைகுலுக்கிக்கொள்வார்கள் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். பிற நிலைமைகள் என்னென்ன என்று கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லிவிடுவார்கள். மழை, வைரஸ் நோய், டீசல் விலை, ஆந்திராவில் எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறார்கள் என்பது, ஓணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பது, டெல்லியில் எந்தக் கோப்பில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பது. தக்காளி போடுகிறவனின் வாழ்க்கையில் மாறாமல் இருக்கும் நிலைமை ஒன்றே ஒன்று, கூட்டுறவுச் சங்கத்துக் கடன்.

அதே பாடத்தில் நெகிழ்ச்சி என்று ஒரு பகுதி வரும். சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிட்டு, இது பரீட்சைக்கு அவ்வளவாக வராது என்று நகர்ந்துவிடுவார்கள். விவசாயியின் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்தச் சூத்திரத்துக்குள்தான் இருக்கிறது. விலை இத்தனை சதவீதம் மாறினால், வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும்? கேள்வி இவ்வளவுதான். துணிக்கடையில் பாதி விலை என்று போர்டு மாட்டினால் ஒரு புடவை வாங்கப் போனவர் மூன்றோடு வருவார். தக்காளி கிலோ 30லிருந்து 5க்கு இறங்கினால்? ஒரு கிலோ வாங்குபவர் ஒன்றரைக் கிலோ வாங்குவார். தொக்குப் போடத் தெரிந்தவர் இரண்டு கிலோ. விலை ஆறில் ஒன்றாகிவிட்டதே என்று ஆறு கிலோ வாங்கி யாரும் அதில் குளிக்கப் போவதில்லை. ரசம் ஒரு வேளைக்குத்தான்.

இதை மண்டியிலிருந்து திருப்பிப் பாருங்கள். வழக்கமாக நூறு வண்டி வரும் இடத்துக்கு நூற்றுப் பத்து வண்டி வந்தால், அந்தப் பத்து வண்டியைத் தலையில் கட்ட விலையைப் பத்து சதவீதம் குறைத்தால் போதாது. முப்பது, நாற்பது என்று இறக்கினால்தான் நகரும். மொத்தத்தில் நூற்றுப் பத்து வண்டி விற்று வரும் பணம், நூறு வண்டி விற்று வந்ததைவிடக் குறைவாக இருக்கும். புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1699இல் இங்கிலாந்தில் சார்லஸ் டேவனன்ட் அச்சிட்டுவிட்ட கணக்கு. கிரிகரி கிங் என்பவரின் பெயரில் வழங்குகிறது. தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். பாதி குறைந்தால், வழக்கமான விலைக்கு மேல் இன்னும் நாலரை மடங்கு ஏறும். முந்நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நம்மூர் வேளாண்மை விழாக்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அதிக விளைச்சல் எடுத்தவருக்கு மேடையில் சால்வை போர்த்துகிறார்கள். அவரைப் போல ஊரே எடுத்தால் ஊரே கவிழும் என்பதை அந்த மேடையில் யாரும் சொல்வதில்லை. சால்வையாவது மிச்சம்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஏலம் நடக்கும் நேரத்தில் ஓரமாக நின்று பார்த்தால் இந்தச் சூத்திரம் வேட்டி கட்டிக்கொண்டு நடமாடுவதைக் காணலாம். பதினான்கு கிலோப் பெட்டி. மேலே நல்ல காய், அடியில் சுமார் காய் என்று வியாபாரி கையை விட்டுக் கிளறிப் பார்ப்பார். ஒரு காயை எடுத்து அழுத்துவார். அழுத்திய காயைத் திரும்பப் பெட்டியிலேயே போடுவார்.

"என்ன மாமா, நேத்து நூத்தி இருவது போச்சு. இன்னைக்கு அறுவதா?"

"வரத்து மாப்ளே. ரோட்டுல போயிப் பாரு, எத்தன வண்டி நிக்குதுன்னு. கேரளாக்காரங்க கையே நீட்ட மாட்டேங்கறாங்க."

"அப்ப நான் திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போயி?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடையாது. பறித்த காய் திரும்பச் செடியில் ஏறாது. திரும்பிப் போக வண்டி வாடகை வேண்டும். நாளைக்கு விலை ஏறலாம், ஆனால் நாளைக்கு இந்தக் காய் தக்காளியாக இருக்காது, தண்ணீராக இருக்கும். அந்த நிமிஷத்தில் விவசாயியின் அளிப்பு கல்லுப்போல நிற்கிறது; விலை என்னவானாலும் அதே நாற்பது பெட்டிதான். எதிரில் நிற்பவருக்கு அப்படி இல்லை. அவர் கையில் போன் இருக்கிறது. உடுமலையில் என்ன விலை, பாலக்கோட்டில் என்ன விலை, கோலாரில் என்ன விலை என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருவார். சமநிலை விலை என்பது பேரம் பேசுகிற இரண்டு பேரில் எவருடைய சரக்கு முதலில் அழுகும் என்பதில் இருக்கிறது. கோடு போட்டுக் காட்டுகிறவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஈ மொய்ப்பதைக் காட்ட மாட்டார்கள்.

அடுத்து பில். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்ணாகவே வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி 300 ரூபாய்க்குப் போகிறது. பறிப்புக்கூலி, வண்டி வாடகை, இறக்குகூலி சேர்த்துப் பெட்டிக்கு 60. மண்டிக் கமிஷன் நூற்றுக்குப் பத்து, ஆக 30. விவசாயி கையில் 210. இப்போது அதே பெட்டி 60க்குப் போகிறது. விலை ஐந்தில் ஒன்றாகிவிட்டது. விவசாயி கையிலும் ஐந்தில் ஒன்று, அதாவது 42 ரூபாய் நிற்கும் என்றுதானே நினைப்போம்? பறிக்கும் பெண்கள் கூலியைக் குறைத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கும் உலை வைக்க வேண்டும். வண்டிக்காரர் டீசல் போட்டிருக்கிறார். அந்த 60 அப்படியே நிற்கிறது. கமிஷன் 6. மிச்சம் மைனஸ் 6 ரூபாய். விதை, நாற்று, குச்சி, கயிறு, மருந்து எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. கமிஷனைத் தவிர, மேலே இருக்கிற எல்லோருடைய பங்கும் நிலையானது. விலைச் சரிவில் பெரும்பகுதியைத் தாங்கும் பொறுப்பு அடியில் இருப்பவனுக்கு. சோலாப்பூர் செக்கின் ரகசியம் இதுதான். அதில் ஊழல் எதுவும் நடக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுதான் அதில் அசிங்கம்.

பறிக்காமல் விட்டால் நஷ்டம் குறையும் என்கிற கட்டம் அதனால்தான் வருகிறது. ஆட்டை மேய விடுகிறார்கள். டிராக்டர் விட்டு உழுதுவிடுகிறார்கள். கொண்டுவந்ததை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். உடனே வீடியோ போடுவோம். 'உணவை இப்படி வீணாக்கலாமா, ஏழைகளுக்குக் கொடுக்கலாமே' என்று கமென்ட் வரும். கொடுக்கலாம். பறிப்புக்கூலியும் வண்டி வாடகையும் யார் தருவது என்பதையும் அதே கமென்டில் எழுதினால் நன்றாக இருக்கும்.

நகரத்தில் நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குப் போவது ஏறக்குறைய 33 காசு என்று ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுத்தாள் ஒன்று சொல்கிறது. வெங்காயத்துக்கு 36 காசு. இடையில் நிற்பவர்களெல்லாம் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அழுகல், சுங்கம், கடை வாடகை, மின்கட்டணம் எல்லாம் உண்மைதான். ஆனால் மண்டியில் விலை இறங்கிய செய்தி சில்லறைக் கடைக்கு நடந்து வருகிறது. ஏறிய செய்தி விமானத்தில் வருகிறது. இறங்கிய செய்தி ஹோட்டலுக்கு வரவே வராது. 2023 ஜூலையில் தக்காளியைக் காரணம் காட்டி ஏற்றிய தோசை விலை எந்த ஊரிலாவது இறங்கியிருந்தால் சொல்லுங்கள், போய்ச் சாப்பிடுகிறேன். தக்காளி 2 ரூபாய்க்குப் போகும் நாளிலும் தக்காளி சாஸ் பாட்டில் தன் விலையில் ஒரு பைசா அசையாமல் அலமாரியில் நிற்கிறது. அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது எந்தச் செடியில் காய்த்தது?

2023 ஜூலை என்றதும் ஞாபகம் வரும். சென்னையில் தக்காளி கிலோ 150ஐத் தாண்டி 200 வரை போனது. நாடே அல்லோலகல்லோலப்பட்டது. வட இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் பல, பர்கரில் தக்காளி வைக்க இயலவில்லை என்று நோட்டீஸ் ஒட்டின. நல்ல தரத்தில் கிடைக்கவில்லை என்று காரணம். அந்த மாதத்துச் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். மத்திய அரசு தன் கூட்டுறவு அமைப்புகள் மூலம் தக்காளி வாங்கி, வண்டி வைத்துக் கிலோ 90க்கு விற்றது. அப்புறம் 80, 70, 50, கடைசியில் 40. தமிழக அரசு ரேஷன் கடையில் 60க்குக் கொடுத்தது. நேபாளத்திலிருந்து தக்காளி இறக்குமதி செய்கிறோம் என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். தக்காளிக்காக இமயமலை வரை போனோம்.

அந்த ஜூலையில் கிராமத்தில் என்ன நடந்திருக்கும்? 150 ரூபாய் என்கிற செய்தி எல்லாருடைய போனுக்கும் வந்தது. நாற்றுப் பண்ணையில் முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள். நகையை வைத்து நட்டவர்கள் உண்டு. நட்டுப் பறிப்புக்கு வர அறுபது, எழுபது நாள். ஜூலையில் நட்டது செப்டம்பரில் ஒரே நேரத்தில் காய்த்தது. செப்டம்பரில் ஆந்திராவிலும் மகாராஷ்டிராவிலும் தக்காளியை ரோட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நேபாளத்துக்குப் போன கண்ணுக்குப் பக்கத்து நாசிக் தெரியவில்லை. போன பருவத்து விலையைப் பார்த்து இந்தப் பருவத்தில் நட்டு, எல்லாரும் நட்டதால் விலை விழுந்து, விழுந்ததைப் பார்த்து அடுத்த பருவம் நடாமல் விட்டு, விட்டதால் மறுபடி ஏறும் இந்தச் சுழலுக்கு நிக்கோலஸ் கால்டோர் 1934இல் சிலந்தி வலை என்று பெயர் வைத்துவிட்டார். தொண்ணூறு வருஷமாக வலை அங்கேயே இருக்கிறது, ஒவ்வொரு பருவமும் ஒரு கூட்டம் வந்து மாட்டுகிறது, ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் 'எதிர்பாராத விலை வீழ்ச்சி' என்று அறிக்கை தருகிறார்கள். எத்தனை ஏக்கர் நடப்பட்டிருக்கிறது என்பதை வானத்திலிருந்து படம் எடுத்துச் சொல்லச் செயற்கைக்கோள் வைத்திருக்கிற நாடு இது. நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கினோம்; அதுவும் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான். பாலக்கோட்டில் இந்த மாதம் எவ்வளவு தக்காளி நட்டிருக்கிறார்கள், இனி நடாதீர்கள் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பத்தான் தொழில்நுட்பம் வளரவில்லை.

இந்த அளிப்பு, தேவை விதிக்கு எல்லோரும் தலைவணங்குகிறார்களா என்றால் அதுவும் இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் கச்சா எண்ணெய்க்குத் தேவை விழுந்தது. எண்ணெய் நாடுகள் என்ன செய்தன? கூடி உட்கார்ந்து, நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் உற்பத்தியைக் குறைத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டன. உலகத் தலைவர்கள் பாராட்டினார்கள். இங்கே சிமென்ட் கம்பெனிகள் பதினொன்று கூடிப்பேசி உற்பத்தியையும் அளிப்பையும் கட்டுப்படுத்தி விலையைப் பிடித்து வைத்தன என்று இந்தியப் போட்டி ஆணையம் 2012இல் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மறுத்தன. மேல்முறையீடு, மறுவிசாரணை, மறுபடி அபராதம், மறுபடி மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் ஓடியது. தக்காளிக்காரனால் ஆலையின் வேகத்தைக் குறைக்க முடியுமா? செடியிடம் போய், இந்த வாரம் காய்க்காதே, விலை சரியில்லை என்று சொல்ல முடியுமா? சரி, சட்டென்று அழுகாத வெங்காயத்தையாவது பத்து நாள் வைத்து விற்கலாம் என்று பார்த்தால், விலை ஏறும் பருவத்தில் அத்தியாவசியப் பொருள் சட்டம் வந்து வியாபாரியின் இருப்புக்கு வரம்பு வைத்துவிடும். அவர் வாங்க மாட்டார். எண்ணெய்க்கிணறு வைத்திருப்பவன் காத்திருந்தால் ராஜதந்திரம். வெங்காயம் வைத்திருப்பவன் காத்திருந்தால் பதுக்கல்.

பெட்ரோல் கதை இதைவிடச் சுவையானது. 2010இல் பெட்ரோல் விலையையும் 2014இல் டீசல் விலையையும் சந்தையிடம் ஒப்படைத்துவிட்டோம், இனி அரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். 2020இல் கச்சா எண்ணெய் பாதாளத்துக்குப் போனபோது சந்தை விலை நம் பங்க்குக்கு வந்துவிடுமோ என்று பதறி, மே மாதம் ஒரே ராத்திரியில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏற்றினார்கள். 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் வரை, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் நடந்த காலத்தில், கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியும் பங்க்கில் விலை 137 நாள் அசையவில்லை. சுதந்திரமான சந்தை நாலரை மாதம் மௌன விரதம். ஓட்டு எண்ணி முடித்ததும் விரதம் கலைந்தது.

2019 டிசம்பரில் வெங்காய விலை பற்றி மக்களவையில் பேச்சு வந்தபோது, குறுக்கிட்டுக் கேட்டவர்களிடம் நிதியமைச்சர், தங்கள் குடும்பத்தில் வெங்காயம், பூண்டெல்லாம் அதிகம் சேர்ப்பதில்லை என்றார். நாடு சிரித்தது, திட்டியது. எனக்கு அதில் கோபம் இல்லை. நெகிழ்ச்சியைப் பற்றி அந்த அவையில் அன்றைக்கு வந்த ஒரே தகவல் அதுதான். வெங்காயம் எந்த விலைக்கு விற்றாலும் ஒரு வீட்டில் தேவை கிட்டத்தட்டப் பூஜ்யம். அந்த வீட்டில்தான் நாட்டின் கணக்குப் புத்தகம் இருந்தது என்பது தனி விஷயம்.

விலை விழுந்த பருவத்தில் அறிவுரை வரும். பணம் வராது, அறிவுரை வரும். மதிப்புக் கூட்டுங்கள் என்பார்கள். மூன்று ஏக்கர்க்காரன் சாஸ் ஃபேக்டரி வைக்க வேண்டும். மாற்றுப் பயிர் போடுங்கள் என்பார்கள். ஒரு வருஷம் மாற்றுப் பயிராகச் சொன்னது சின்ன வெங்காயம். அது என்ன ஆனது என்று பெரம்பலூரில் கேட்டுப் பாருங்கள். குளிர்பதனக் கிடங்கு வரும் என்பார்கள். 2018 பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளை மூன்றுக்கும் சேர்த்து 'ஆபரேஷன் கிரீன்ஸ்' என்று 500 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாப்' என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். மூன்றாண்டு கழித்துத் தக்காளியைக் கொட்டினார்கள், ஐந்தாண்டு கழித்து 2 ரூபாய்க்குச் செக் கிழித்தார்கள். பெயர் மட்டும் டாப்பாக இருக்கிறது.

ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குத் தக்காளி கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. கூலிக்குப் போகிற வீட்டில் காய்கறிக்கு என்று ஒதுக்க ஐம்பது ரூபாய்தான் இருக்கும். 150 என்றால் அந்த அடுப்பில் குழம்பு மாறித்தான் போகும். கொடுத்தது சரி. கேள்வி என்னவென்றால், வாங்குபவருக்காக ஒரு வாரத்தில் கொள்முதல் செய்து, லாரி பிடித்து, கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த அதே அரசாங்கத்துக்கு, விலை 2 ரூபாயாக விழும் வாரத்தில் லாரிச் சாவி எங்கே தொலைந்துபோகிறது? முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். பக்கத்துக் கேரளம் 2020 நவம்பரில் பதினாறு விளைபொருளுக்கு அடிப்படை விலை என்று ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தக்காளிக்கு 8 ரூபாய், மரவள்ளிக்கு 12 ரூபாய். நம்மிடம் காய்கறி வாங்கிச் சாப்பிடுகிற மாநிலம் அது. அந்தத் திட்டத்திலும் ஓட்டை இருக்கும். எட்டு ரூபாயில் யாரும் மாடி வீடு கட்டவும் முடியாது. ஆனால் மண்டியில் "எடுத்துட்டுப் போயி?" என்று கேட்கும்போது பதில் சொல்ல ஓர் இடம் இருக்கும். மத்திய அரசிடமும் சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு. அழுகும் பொருளின் விலை முந்தைய சாதாரணப் பருவத்தைவிடப் பத்து சதவீதம் விழுந்தால், மாநிலம் கேட்டால், அரசு இறங்கி வாங்கலாம். மாநிலம் கேட்க வேண்டும், மையம் ஒப்புக்கொள்ள வேண்டும், செலவைப் பங்கிட வேண்டும். அதற்குள் தக்காளி என்ன ஆகியிருக்கும் என்பதைத் தக்காளியிடம் யாரும் கேட்பதில்லை. ஏறும் விலைக்கு எதிராக ராத்திரியோடு ராத்திரியாக அரசிதழில் அறிவிக்கை வருகிறது. இறங்கும் விலைக்கு எதிராக மனு வாங்கி, சீல் அடித்து, நம்பர் போட்டுத் தருகிறார்கள்.

1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்தபோது கமிஷன் இல்லாமல், தராசும் கொடுத்து, விவசாயியை நேரே உட்கார வைத்தார்கள். நல்ல காரியம். அடுத்த ஆட்சி வந்ததும் அது எதிர்க்கட்சியின் சந்தையாகிவிட்டது. நம் ஊரில் அளிப்பும் தேவையும் கட்சி மாறும்.

கடைசியாக நகரத்தில் குளிர்சாதனப் பெட்டியும் மாதச் சம்பளமும் வைத்திருக்கிற நம்மைப் பற்றி. பாடநூலில் பதிலீட்டுப் பொருள் என்று ஒன்று வரும். ஒன்றின் விலை ஏறினால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம் என்றால் அந்தப் பொருளுக்குத் தேவை நெகிழும். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியர் வழியாக வந்து நம் அடுப்படியில் ஏறியது. அதற்கு முன்னும் இந்த ஊரில் ரசம் கொதித்தது. வத்தக்குழம்புக்குத் தக்காளி வேண்டாம். மோர்க்குழம்புக்கு வேண்டாம். எலுமிச்சை ரசத்துக்கும் கொள்ளு ரசத்துக்கும் வேண்டாம். உலகத்தில் தக்காளி இல்லாமல் ஒரு மாதம் சமைக்கத் தெரிந்த சமையலறைகளில் நம்முடையது முன்வரிசையில் நிற்கும். நாம் மூன்று வாரம் பொறுத்தால் செப்டம்பர்க் காய் வந்துவிடும்; யாரும் நேபாளத்துக்கு ஓட வேண்டாம், யார் வெங்காயத்துக்கும் எல்லையில் பூட்டுப் போட வேண்டாம். செய்வோமா? கடைக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, "மிடில் கிளாஸ் எப்படி சார் வாழறது?" என்று கேட்போம். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஒவ்வொரு முறையும் ஏற்றுமதித் தடை வருகிறது. 2 ரூபாய்க்கு விற்ற வாரத்தில் அதே கடைக்கு முன்னால் நின்று, விளைவித்தவன் எப்படி வாழ்கிறான் என்று கேட்டதாக எந்தச் சேனலிலும் பதிவு இல்லை. அன்றைக்கு நாம் மூன்று கிலோவாக வாங்கிப் பையை நிரப்பிக்கொண்டு, கறிவேப்பிலை கொசுறு கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை தக்காளி நூறைத் தாண்டி உங்கள் தெருவுக்கு மைக் வந்தால், வீட்டில் புளி தீர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்து வாயைத் திறங்கள்.